முதல் பைக் பயணமா? செங்கோட்டை தாண்டி தென்மலைக்குப் போய் வாருங்கள்

நண்பர்களோடு முதல் முறையாக இரண்டு நாள் பைக்கில் போகலாம் என்று பேச்சு எழுந்தாலே மூணாறு, வாகமண், வால்பாறை என்று ஆளுக்கொரு பெயர் சொல்வார்கள். எல்லாமே நல்ல ஊர்கள்தான். ஆனால் மலைப்பாதையில் சேர்ந்து ஓட்டியே பழகாத நான்கைந்து பேர் முதல் தடவையே நாற்பது வளைவு ஏறப் போவது சரியில்லை. என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது ஆரியங்காவுக் கணவாய். தென்காசியிலிருந்து செங்கோட்டை எட்டு கிலோமீட்டர். அங்கிருந்து புளியரை, கோட்டைவாசல், ஆரியங்காவு, கழுதுருட்டி வழியாகக் கேரளத்துத் தென்மலை இன்னொரு முப்பது முப்பத்தைந்து கிலோமீட்டர், அவ்வளவுதான். இந்தச் சின்னத் தூரத்துக்குள் வயல், ஏற்றம், காடு, ஆறு, ரப்பர் தோட்டம், ரயில் பாலம், அணை எல்லாம் வந்துவிடுகின்றன. ஏதாவது கோளாறு என்றாலும் அரை மணி, ஒரு மணியில் ஒரு ஊருக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்.

திருநெல்வேலியிலிருந்து கிளம்பினால் ஆலங்குளம், பாவூர்சத்திரம் வழியாகத் தென்காசிக்கு ஐம்பத்தைந்து கிலோமீட்டர் போல வரும். போக, வர, அங்கே சுற்றுவது எல்லாம் சேர்த்து இரண்டு நாளில் 220, 250 கிலோமீட்டர். புதியவர்களுக்கு அது போதும். மதுரைக்காரர்கள் ராஜபாளையம் வழியாக வெள்ளி மாலையே தென்காசிக்கு வந்து தங்கிவிட்டு, சனிக்கிழமை காலை புதிதாகக் கிளம்புவது நல்லது. நூற்றைம்பது கிலோமீட்டர் ஓட்டிய களைப்போடு மலை ஏற வேண்டாம்.

யார் யார் வருகிறார்கள்

நான்கு வண்டி, ஆறு பேர். என் அனுபவத்தில் முதல் பயணத்துக்கு இதுதான் சரியான அளவு. எட்டு வண்டி ஆகிவிட்டால் ஒரு டீக்கடையில் நிறுத்தி எழுந்திருக்கவே முக்கால் மணி நேரம் போய்விடும். பெட்ரோல் பங்கில் கால் மணி நேரம். ஊருக்குள் சிக்னலில் பாதிப் பேர் அந்தப் பக்கம், பாதிப் பேர் இந்தப் பக்கம்.

கிளம்புவதற்கு முன் இரண்டு பேருக்குப் பொறுப்பு கொடுத்துவிடுங்கள். ஒருவர் முதல் வண்டி, இன்னொருவர் கடைசி வண்டி. முதல் வண்டிக்காரருக்கு வழி தெரிந்திருக்க வேண்டும், நிதானமும் வேண்டும். குழுவில் வேகமாக ஓட்டுகிறவரை அங்கே விடாதீர்கள். கடைசி வண்டியில் வருபவர்தான் குழுவிலேயே நன்றாக ஓட்டத் தெரிந்தவராக, வண்டியைக் கொஞ்சம் பிரித்து மாட்டத் தெரிந்தவராக இருக்க வேண்டும். டூல் கிட், பஞ்சர் கிட், முதலுதவிப் பை மூன்றும் அவரிடமே இருக்கட்டும். நடுவில் புதியவர்கள். அதிலும் ரொம்பப் புதியவரை முதல் வண்டிக்கு அடுத்து ஓட்டச் சொல்லுங்கள், அவருடைய வேகம்தான் எல்லோருக்கும் வேகம்.

இதை நாங்கள் பட்டுத்தான் கற்றுக்கொண்டோம். சில வருஷங்களுக்கு முன் ஐந்து வண்டியாகப் போனோம். யாருக்கும் வரிசை கிடையாது, பொறுப்பு கிடையாது. தென்மலையில் இறங்கி டீ சொல்லி, டம்ளர் கைக்கு வந்த பிறகுதான் ஒரு வண்டி குறைகிறது என்று கவனித்தோம். போன் போட்டால் கிடைக்கவில்லை, அந்தக் காட்டுப் பகுதியில் சில இடங்களில் சிக்னல் போய்விடும். திரும்பிப் போய்ப் பார்த்தால், கழுதுருட்டிக்கு முன்னால் செயின் கழன்று, தூறலில் வண்டியைத் தள்ளிக்கொண்டே வருகிறான். பக்கத்தில் ரப்பர் பால் எடுக்கும் பெரியவர் ஒருவர், அவரும் சேர்ந்து தள்ளுகிறார். எங்களைப் பார்த்ததும் அந்தப் பெரியவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: “சேர்ந்து வந்தவங்க திரும்பிப் பாக்க மாட்டீங்களா தம்பி?” அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே சட்டம். கண்ணாடியில் பின்வண்டி தெரியவில்லையென்றால் வேகத்தைக் குறை. அரை நிமிஷத்தில் வரவில்லையென்றால் பாதுகாப்பான இடத்தில் ஓரங்கட்டி நில். ஒவ்வொருவரும் தனக்குப் பின்னால் வருகிற ஒரே ஒரு வண்டியைப் பார்த்துக்கொண்டால் போதும், யாரும் தொலைய மாட்டார்கள். பாதை பிரியும் இடத்தில் இது இன்னும் முக்கியம். பின்வண்டிக்காரர் உங்களைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்த பிறகுதான் திரும்ப வேண்டும்.

ஒரு வாரத்துக்கு முன்: வண்டி

அந்தச் செயின் ஏன் கழன்றது என்பதையும் சொல்லிவிடுகிறேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் சர்வீஸ் முடித்து வாங்கிய வண்டி. அவசரத்தில் செயினைத் தொளதொளவென்று விட்டிருந்தார்கள். சர்வீசுக்கு விடுவதாக இருந்தால் ஒரு வாரத்துக்கு முன்பே விட்டு, வாங்கி, உள்ளூரிலேயே ஐம்பது அறுபது கிலோமீட்டர் ஓட்டிப் பாருங்கள். சரியாக மாட்டாத எதுவும் அந்த ஐம்பது கிலோமீட்டரில் சத்தம் போட்டுக் காட்டிக்கொடுத்துவிடும்.

செயினை நீங்களே பார்க்கலாம். எஞ்சினை அணைத்து, சாவியை எடுத்துவிட்டு, வண்டியை நியூட்ரலில் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்துங்கள். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் ஒரு விரலை வைத்து மேலே தள்ளிப் பாருங்கள். பெரும்பாலான சாதாரண வண்டிகளில் ஒரு அங்குலம் போல மேலும் கீழும் அசைய வேண்டும், சரியான அளவு வண்டியின் கையேட்டில் இருக்கும். இப்போது பின்சக்கரத்தைக் கையால் கால் சுற்று சுற்றி மறுபடி பாருங்கள். ஒரு இடத்தில் தொய்வாகவும் இன்னொரு இடத்தில் விறைப்பாகவும் இருந்தால் அந்தச் செயின் ஒரே சீராகத் தேயவில்லை என்று அர்த்தம். செயின் சுற்றுகிற பல்சக்கரமான ஸ்ப்ராக்கெட்டின் பல்லையும் பாருங்கள். கொக்கி மாதிரி வளைந்து கூராகிவிட்டிருந்தால் செயினும் ஸ்ப்ராக்கெட்டும் செட்டாக மாற்ற வேண்டியதுதான், இறுக்கிக் கட்டி ஒப்பேற்றக் கூடாது. மெக்கானிக் அண்ணாச்சி “இன்னும் ரெண்டு மாசம் ஓடும்” என்று சொல்லலாம். உள்ளூரில் ஓடும்தான், மலைக்கு அது போதாது.

அடுத்தது பிரேக். முன் டிஸ்க் பேடும் பின் ஷூவும் எவ்வளவு மிச்சம் இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். 2019 ஏப்ரல் முதல் விற்கும் புது வண்டிகளில் 125 சிசிக்கு மேல், பிரேக் பிடிக்கும்போது சக்கரம் இறுகி நின்றுவிடாமல் தடுக்கும் ஏபிஎஸ்ஸும், 125 சிசி வரை சிபிஎஸ் என்ற சேர்ந்து பிடிக்கும் பிரேக்கும் கட்டாயம். அதற்கு முந்தைய வண்டியாக இருந்தால் இரண்டும் இல்லாமல் இருக்கலாம். அந்த வண்டியை ஓட்டுபவருக்கு ஈர ரோட்டில் முன்பிரேக்கை மெதுவாக, கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பிடிக்கும் பழக்கம் வேண்டும். ஒரு காலி மைதானத்தில் பத்து தடவை பிடித்துப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

டயர் வழுவழுவென்று ஆகியிருந்தால் வேறு யோசனையே வேண்டாம், மாற்றிவிடுங்கள். காற்றை டயர் குளிர்ந்திருக்கும்போது, காலையில் பிடியுங்கள். ஆள் ஏற்றினால் பின்டயருக்குக் கூடுதல் அளவு. அந்த எண் செயின் கவர் பக்கம் ஒட்டிய ஸ்டிக்கரிலோ கையேட்டிலோ இருக்கும். ஹெட்லைட், பிரேக் லைட், நான்கு இன்டிகேட்டர், ஹாரன் எல்லாம் ஒரு தடவை போட்டுப் பாருங்கள். கூட எடுத்துக்கொள்ள ஒரு கிளட்ச் ஒயர், ஒரு ஸ்பார்க் பிளக், டியூப்லெஸ் பஞ்சர் கிட், கையால் அடிக்கும் சின்ன பம்பு. டியூப் டயர் வண்டி இருந்தால் அந்த அளவுக்கு ஒரு டியூப்.

எப்போது போவது

ஆரியங்காவுக் கணவாய் மேற்குத் தொடர்ச்சி மலையில் ஒரு இடைவெளி. தென்மேற்குப் பருவக்காற்று அதன் வழியாகத்தான் இந்தப் பக்கம் வருகிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை குற்றாலத்தில் சாரல் அடிப்பதும் அதனால்தான். அந்த மாதங்களில் செங்கோட்டைப் பக்கம் சொர்க்கம் மாதிரி இருக்கும். ஆனால் கணவாயைத் தாண்டினால் சாரல் கனமழை ஆகிவிடும். மழையில் ஓட்டிப் பழகாதவர்களுக்கு அது வேண்டாம். அக்டோபர் பாதியிலிருந்து வடகிழக்குப் பருவமழை. நவம்பர் பாதி முதல் ஜனவரி பாதி வரை சபரிமலை சீசன், வேன்களும் பஸ்களும் இரவு பகலாக இந்த ரோட்டில்தான் போகும்.

எனக்குப் பிடித்தது செப்டம்பர். மழை ஓய்ந்து, அருவிகளில் தண்ணீர் இருக்கும், வயலும் பச்சையாக இருக்கும். அதை விட்டால் ஜனவரிக் கடைசியும் பிப்ரவரியும். ஏப்ரல், மே வெயிலில் பாவூர்சத்திரம் ரோட்டில் ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துவிடும்.

காகிதங்கள், ஹெல்மெட்

லைசென்ஸ், ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ் நான்கும் செல்லுபடியாக இருக்க வேண்டும். டிஜிலாக்கரில் இருந்தாலும் சரிதான், ஆனால் சிக்னல் இல்லாத இடத்தில் நிறுத்தினால் திறக்காது. அதனால் ஒரு நகல் பையில் இருக்கட்டும். புளியரையில் நம் பக்கம், ஆரியங்காவில் கேரளப் பக்கம் என்று இரண்டு சோதனைச் சாவடி உண்டு. வழக்கமாக பைக்கை நிறுத்த மாட்டார்கள், நிறுத்தினால் அமைதியாகக் காட்டிவிட்டுப் போகலாம்.

கேரளாவில் பின்னால் உட்காருபவரும் ஹெல்மெட் போட்டே ஆக வேண்டும். 2023 ஜூன் முதல் ரோட்டோரக் கேமராக்களே படம் பிடித்து அபராதம் போடுகின்றன. கேமரா இல்லாவிட்டாலும் போடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக, தாடைப் பட்டியை மாட்டினால் இரண்டு விரல் மட்டும் நுழையும்படி இறுக்கமாக. பட்டி போடாத ஹெல்மெட் விழும்போது தலையில் இருக்காது.

உடுப்பைப் பொறுத்தவரை கெட்டியான ஜீன்ஸ், முழுக்கைச் சட்டை, கணுக்காலை மூடும் ஷூ, கையுறை. செருப்பு வேண்டாம். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் பின்சக்கரத்துக்கு எட்டாதபடி சுற்றிக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் குழுவில் வரும் தோழிகள் துப்பட்டாவைப் பையில் வைத்துவிட்டு, இறங்கிய பிறகுதான் எடுத்துப் போட்டுக்கொள்வார்கள்.

மழைக்கோட்டு சட்டையும் பேண்ட்டும் தனித்தனியாக இருப்பதாக வாங்குங்கள். ஒரே துண்டாகத் தொங்குவது காற்றில் பாய் மாதிரி விரிந்து வண்டியை இழுக்கும். துணிகளை முதலில் பிளாஸ்டிக் உறையில் போட்டு, பிறகு பையில் வையுங்கள். பையை பின்சீட்டில் கட்டும்போது ரப்பர் கயிற்றின் நுனி எதுவும் தொங்கக் கூடாது, தொங்கினால் சக்கரத்தில் சுற்றிக்கொள்ளும்.

சனிக்கிழமை: தென்காசியிலிருந்து மலை வரை

தென்காசியில் காலை ஏழு மணிக்குக் கிளம்புவது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள். டேங்கை இங்கேயே நிரப்பிவிடுங்கள். கேரளாவில் பெட்ரோல் விலை நம் பக்கத்தைவிடக் கூடுதல்.

செங்கோட்டைக்குள் நுழையும் முன் பிரானூர் வரும். வரிசையாக மரம் அறுக்கும் மில்கள், ஈர மரத்தூள் வாசம். இந்த இடத்தை எல்லோரும் ‘பார்டர்’ என்றுதான் சொல்வார்கள். இன்றைய எல்லை இங்கே இல்லை, இன்னும் தள்ளி மலையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை செங்கோட்டை திருவிதாங்கூர் பக்கம் இருந்தது. அப்போது எல்லை இங்கேதான். மொழிவாரி மாநிலம் பிரிந்தபோது செங்கோட்டை நம்மோடு சேர்ந்தது, எல்லை மலைக்கு நகர்ந்துவிட்டது, பெயர் மட்டும் பிரானூரிலேயே தங்கிவிட்டது. பார்டர் புரோட்டா என்று ஊரெல்லாம் பேசுவது இந்த இடத்தைத்தான். அதைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். நான்கு புரோட்டாவும் நாட்டுக்கோழியும் சாப்பிட்டுவிட்டு மலை ஏறினால் கண் சொருகும். காலையில் இரண்டு இட்லி, ஒரு காப்பி போதும்.

செங்கோட்டையைத் தாண்டியதும் இரண்டு பக்கமும் வயல். தென்னை, நடுவில் வாய்க்கால், எதிரே மலை நீலமாக நிற்கும். காற்று எதிரிலிருந்து வரும், அதில் ஒரு குளிர் இருக்கும். புளியரை வரை ரோடு கிட்டத்தட்டச் சமம்தான். இந்தத் தூரத்தைக் குழுவாக ஓட்டிப் பழகுவதற்குப் பயன்படுத்துங்கள்.

எப்படி ஓட்டுவது என்றால், பக்கத்தில் பக்கத்தில் பேசிக்கொண்டு போகக் கூடாது. நம் பக்கத்துப் பாதையில் முதல் வண்டி கொஞ்சம் வலது பக்கம், இரண்டாவது கொஞ்சம் இடது பக்கம், மூன்றாவது மறுபடி வலது. இப்படி மாறி மாறிப் போனால் முன்வண்டி திடீரென்று பிரேக் பிடித்தாலும் உங்களுக்கு இடம் இருக்கும். இடைவெளியைக் கணக்கிட ஒரு வழி. முன்வண்டி ஒரு மைல்கல்லைக் கடந்ததும் “ஆயிரத்து ஒன்று, ஆயிரத்து இரண்டு” என்று மனசுக்குள் சொல்லுங்கள். சொல்லி முடிக்கும் முன் நீங்கள் அந்தக் கல்லைக் கடந்துவிட்டால் ரொம்ப நெருங்கிவிட்டீர்கள். ஈர ரோட்டில் “ஆயிரத்து நான்கு” வரை எண்ணுங்கள். வளைவுகளில் இந்த வலது, இடது கணக்கெல்லாம் வேண்டாம், ஒருவர் பின் ஒருவராக வந்தால் போதும்.

எஸ் வளைவும் லாரிகளும்

புளியரைக்கு மேல் ஏற்றம் தொடங்குகிறது. இங்கே எஸ் வளைவு என்று சொல்லும் இடம் பெயருக்கேற்ற மாதிரி ஒரு பக்கம் வளைந்து, மூச்சு விடுவதற்குள் மறுபக்கம் வளையும். இந்த ரோடு கொல்லத்தையும் திருமங்கலத்தையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலை 744. ஜல்லி, எம் சாண்ட், காய்கறி, வைக்கோல் எல்லாம் கேரளாவுக்கு இந்த வழியாகத்தான் லாரி லாரியாகப் போகிறது. வைக்கோல் லாரி இரண்டு பக்கமும் பிதுங்கிக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் ஏறும்.

அந்த லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டால் என்ன செய்வது? ஒன்றும் செய்ய வேண்டாம். முப்பது அடி இடைவெளி விட்டு, இரண்டாவது கியரில், டிரைவரின் கண்ணாடியில் உங்கள் முகம் தெரிகிற மாதிரி வாருங்கள். உங்களுக்குக் கண்ணாடியில் அவர் முகம் தெரியவில்லையென்றால் அவருக்கும் நீங்கள் தெரியவில்லை. நீளமான நேர் ரோடு வந்து, எதிரே கண்ணுக்கெட்டிய தூரம் காலியாக இருந்தால் ஹாரன் அடித்துவிட்டு ஒரு வண்டி முந்தட்டும். அடுத்தவர் அதே வாய்ப்பில் பின்னாலேயே ஓடக் கூடாது, அவருக்கு அவருடைய காலி ரோடு வர வேண்டும். முன்னால் போனவர் மெதுவாகக் காத்திருப்பார் என்று தெரிந்தால்தான் பின்னால் இருப்பவர் அவசரப்பட மாட்டார்.

லாரியின் இடது பக்கமாக மட்டும் நுழையவே நுழையாதீர்கள். இடது வளைவில் திரும்புவதற்காக லாரி முதலில் வலது பக்கம் விலகும். இடது பக்கம் பெரிதாக இடம் திறந்த மாதிரித் தெரியும். அடுத்த நொடி அதன் பின்சக்கரங்கள் அந்த இடத்தை முழுவதும் அடைத்துவிடும்.

வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, கியரைக் குறைத்து, பிறகு திரும்புங்கள். திரும்பும்போது நடுவில் பிரேக் பிடித்தால் சக்கரம் வழுக்கும், அதுவும் லாரியிலிருந்து சிந்திய மணல் கிடக்கிற வளைவில். கண் எங்கே பார்க்கிறதோ வண்டி அங்கே போகும், அதனால் பள்ளத்தைப் பார்க்காமல் வளைவு முடிகிற இடத்தைப் பாருங்கள். முன்னே வருவது தெரியாத வளைவில் ஹாரன் அடியுங்கள். ஒரே வண்டிக்குத்தான் இடம் என்றால் ஏறி வரும் வண்டிக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும்.

மேலே கோட்டைவாசலில் கருப்பசாமி கோவில் இருக்கிறது. லாரி டிரைவர்கள் நிறுத்திக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். நீங்களும் ஓரங்கட்டி இறங்கி நில்லுங்கள். வண்டி ஆறட்டும், ஆட்களை எண்ணிக்கொள்ளுங்கள். இந்த மலையில் அச்சன்கோவிலுக்குப் போகும் காட்டுப்பாதை ஒன்றும் உண்டு. அழகான பாதைதான், ஆனால் யானை நடமாடும் காடு. முதல் பயணத்தில் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

இறக்கம்

ஏறுவதைவிட இறங்குவதில்தான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். எந்தக் கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். எஞ்சினே வண்டியைப் பிடித்து நிறுத்தும், பிரேக்குக்கு வேலை குறையும். பெட்ரோலை மிச்சம் பிடிக்கிறேன் என்று நியூட்ரலில் விடுவதோ எஞ்சினை அணைப்பதோ கூடாது. பிரேக்கை அழுத்தியபடியே இறங்கினால் சூடேறிப் பிடிப்பு குறைந்துவிடும், கருகிய வாசம் வரும். அந்த வாசம் வந்தால் நிறுத்தி கால் மணி நேரம் ஆற விடுங்கள். சூடான டிரம்மில் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

ஆரியங்காவிலிருந்து தென்மலை

ஆரியங்காவில் டீ குடியுங்கள். கடைப்பலகை மலையாளத்தில் இருக்கும், பேச்சு பாதிக்கு மேல் தமிழ். “எங்கேந்து வாறீய?” என்று நெல்லைத் தமிழிலேயே கேட்கும் அக்காவை நான் இங்கே பார்த்திருக்கிறேன். மலையாளம் தெரியாதே என்று தயங்க வேண்டாம், மரியாதையாகச் ‘சேட்டா’, ‘சேச்சி’ என்று கூப்பிட்டால் மீதியை அவர்களே புரிந்துகொள்வார்கள். வானிலையையும் டீக்கடையிலேயே கேளுங்கள், போனில் பார்ப்பதைவிட அவர்கள் மலையைப் பார்த்துச் சொல்வது சரியாக இருக்கும்.

சாஸ்தா கோவில் ரோட்டிலிருந்து கீழே பள்ளத்தில் இருக்கும், படி இறங்கிப் போக வேண்டும். இங்கே ஐயப்பனுக்குப் புஷ்கலாதேவியோடு திருக்கல்யாணம் நடக்கும். மதுரை சௌராஷ்டிர மக்கள் பெண் வீட்டாராக வந்து அதை நடத்துகிறார்கள். பாலருவிக்குப் போக விரும்பினால், 300 அடி உயரத்திலிருந்து விழும் அருவி, வனத்துறை நுழைவுச்சீட்டு வாங்கி அவர்கள் வண்டியில் போக வேண்டும், நம் பைக் வாயிலிலேயே நிற்கும். விலைமதிப்புள்ள பையை வண்டியில் விட்டுப் போகாதீர்கள். மழை அதிகமானால் அருவியை மூடிவிடுவார்கள்.

கழுதுருட்டியில் ரோட்டை ஒட்டியே பதின்மூன்று கண் பாலம். கருங்கல்லில் பதின்மூன்று வளைவுகள், கீழே ஆறு, மேலே கொல்லம், செங்கோட்டை ரயில் பாதை. 1904-ல் மீட்டர் கேஜில் ஓடத் தொடங்கிய பாதை, அகலப்பாதையாக மாற்றி 2018-ல் மறுபடி திறந்தார்கள். பாலத்தைப் பார்த்ததும் எல்லோரும் சட்டென்று பிரேக் பிடிப்பார்கள், பின்னால் வருகிற லாரிக்கு அது தெரியாது. முன்கூட்டியே இன்டிகேட்டர் போட்டு, ரோட்டை விட்டு முழுவதும் இறங்கி நிறுத்துங்கள். நேரம் இருந்தால் ரயில் வரும் வரை காத்திருங்கள். பெட்டிகள் மரத்துக்குள்ளிருந்து மெல்ல வெளியே வந்து, பதின்மூன்று கண்ணையும் கடந்து, மறுபடி மரத்துக்குள் போய்விடும். எத்தனை தடவை பார்த்தாலும் நான் வண்டியை விட்டு இறங்கி நின்றுதான் பார்ப்பேன்.

பிற்பகல் மூன்று மணிக்குள் தென்மலை சேர்ந்துவிட வேண்டும். இருட்டிய பிறகு இந்த ரோட்டில் பைக் வேண்டாம். எதிர் லாரியின் வெளிச்சத்தில் ஓரமே தெரியாது. தங்குமிடத்தை முன்பே பேசி வையுங்கள், சனி ஞாயிறுகளில் போய்த் தேடினால் கிடைக்காது. வண்டி நிறுத்தக் கூரை உண்டா என்றும் கேளுங்கள், இரவெல்லாம் நனைந்த வண்டி காலையில் முரண்டு பிடிக்கலாம். பை வைத்த பிறகு கல்லடையாற்றின் குறுக்கே கட்டிய பரப்பாறு அணைக்கு நடந்து போங்கள். சுற்றிலும் இருப்பது செந்துருணி வனவிலங்கு சரணாலயம், செங்குறிஞ்சி மரத்தால் வந்த பெயர். இரவில் யாரும் குடிக்கக் கூடாது என்று கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். காலையில் தெளிந்த மாதிரி இருக்கும், வளைவில் தெளிந்திருக்காது.

ஞாயிறு

காலை ஆறரைக்கு எழுந்து, செயின், டயர், பிரேக் மூன்றையும் ஒரு தடவை பார்த்துவிட்டு, பையில்லாமல் குளத்துப்புழைக்குப் போய் வாருங்கள். பத்து கிலோமீட்டர் போல இருக்கும். நான் இந்தப் பயணத்தில் மிகவும் ஆசையோடு ஓட்டுவது இந்தத் துண்டைத்தான். லாரி குறைவு, இரு பக்கமும் மரம், இலை வழியாக விழும் வெயில். ஈர இலை குவிந்த இடத்தில் மட்டும் பிரேக்கைத் தொடாமல் நேராகக் கடந்துவிடுங்கள். அங்குள்ள கோவிலை ஒட்டி ஆற்றில் மீன்களுக்குப் பொரி போடலாம், அவற்றைத் ‘திருமக்கள்’ என்று சொல்லி யாரும் பிடிப்பதில்லை.

அந்தப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் தமிழ் கேட்டால் ஆச்சரியப்படாதீர்கள். 1964-ல் சிறிமாவோ, சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்களின் மறுவாழ்வுக்காகப் புனலூரைத் தலைமையிடமாக வைத்து 1976-ல் அரசு ஒரு ரப்பர் தோட்ட நிறுவனம் தொடங்கியது. அவர்களுடைய பிள்ளைகள், பேரப்பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். தோட்டத்துக்குள் வண்டியை விடாமல், வழியில் ஒரு கடையில் உட்கார்ந்து புட்டும் கடலைக் கறியும் சாப்பிடுங்கள், பேச்சு தானாக வரும். அவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். புனலூர் தொங்குபாலம், 1877-ல் முடித்தது, தென்மலையிலிருந்து இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நேரம் இடம் கொடுத்தால் போகலாம், இல்லாவிட்டால் அடுத்த தடவைக்கு இருக்கட்டும்.

பதினோரு மணிக்குத் தென்மலையை விட்டுக் கிளம்பிவிடுங்கள். வந்த ரோடுதான் என்று திரும்பும்போது எல்லோரும் கொஞ்சம் வேகம் கூட்டுவார்கள். அதே வரிசையில், அதே இடைவெளியில் வரச் சொல்லுங்கள். மழை பிடித்துக்கொண்டால், முதல் பத்துப் பதினைந்து நிமிஷம் ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் கரைந்து வழுவழுப்பாக இருக்கும், அந்த நேரம் டீக்கடையில் நில்லுங்கள். மரத்தடியில் ஒதுங்க வேண்டாம். யாருக்காவது அடிபட்டால் ஆம்புலன்ஸ் 108, அவசர உதவி 112, இரண்டு மாநிலத்திலும் அதே எண்கள். விழுந்தவரின் ஹெல்மெட்டை அவசரப்பட்டு இழுக்காதீர்கள், கழுத்தை அசைக்காமல் ஆம்புலன்ஸ் வரும் வரை பேச்சு கொடுத்துக்கொண்டு இருங்கள்.

மதியம் பிரானூர். இப்போது அந்தப் புரோட்டாவைச் சாப்பிடலாம். சால்னாவை ஊற்றி ஊறவிட்டு, கோழியைப் பிய்த்துப் போட்டு, அவசரமில்லாமல். சாப்பிட்ட பிறகு முக்கால் மணி நேரம் உட்கார்ந்து பேசிவிட்டு, முகம் கழுவிக்கொண்டு கிளம்புங்கள். தென்காசியில் பிரியும் இடத்திலேயே ஒருவருக்கொருவர் சொல்லிவிடுங்கள்: வீட்டுக்குப் போனதும் ‘சேர்ந்துட்டேன்’ என்று ஒரு வரி அனுப்ப வேண்டும். கடைசி வண்டிக்காரர் மற்ற ஐந்து பேரிடமிருந்தும் அந்த வரி வருகிறதா என்று பார்த்துக்கொள்ளட்டும். திங்கட்கிழமை சாயங்காலம் வண்டியைக் கழுவி, மலை ரோட்டு மணலைச் செயினிலிருந்து துடைத்து, செயினுக்கான எண்ணெயை (லூப்) அடித்துவிடுங்கள்.